அத்தானின் ஆறும் என் ஏரியும்

என் அக்காவின் கணவர் செல்லத்தம்பி ஒரு பொறாமைக்காரர். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெருகலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது, அவரும் மறைத்தவரல்ல. ஆனால் அயலவன் வீட்டுக்கு ஓடு போட்டாலோ புதுச் சைக்கிள் வாங்கினாலோ அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவருடைய பொறாமை தண்ணீரோடு மட்டும். அவருக்கு முன்னால் வேறொரு ஆற்றைப் புகழக் கூடாது.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் கரையோரத் தெருவை அந்த நாளில் ஆறுகளும் கழிகளும் பல இடங்களில் குறுக்கே வெட்டின. பாலம் இல்லாத இடங்களில் பாதை இருக்கும். மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஒரு பஸ் ஏறி நிற்கக்கூடியதாகச் செய்த தட்டையான பெரிய படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கரைக்குக் கரை கட்டிய கம்பிக் கயிற்றைப் பிடித்து நாலு பேர் இழுக்க, அது மெல்ல மெல்ல மறுகரைக்குப் போகும். சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருஷம் வெருகல் ஆற்றில் அந்த நாலு பேரில் ஒருவராக அத்தான் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. முப்பது வருஷத்துக்கு மேல் அதே கயிற்றை அதே இரண்டு கரைகளுக்கு இடையில் இழுத்தார். அவருடைய உள்ளங்கையில் ரேகை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒருமுறை திருகோணமலை வியாபாரி ஒருவர் பாதையில் நின்றுகொண்டு, "கிண்ணியாப் பாதையை நீங்கள் பாக்கோணும். அதெல்லோ அகலம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம். அத்தான் ஒரு சிரட்டையில் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்கோ ஐயா."

"எனக்குத் தாகமில்லைத் தம்பி."

"தாகத்துக்கில்லை. ருசிக்கு. கிண்ணியாவில அள்ளி இப்பிடிக் குடிக்க ஏலுமோ? அது கடல். ஆத்தின்ர வேஷத்தில வந்து நிக்குது."

வியாபாரி குடித்தார். குடிக்கும்வரை அத்தான் சிரட்டையைக் கீழே இறக்கவில்லை. அவரோடு கயிறு இழுத்த மூதூர் ஆதம்பாவா பிறகு பல காலத்துக்கு, பாதையில் ஏறுகிறவர்களிடம், "தண்ணி வேணுமெண்டா கிண்ணியாவப் புகழுங்க, கையில கொண்டந்து தருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு அத்தான் எங்கள் அக்கா சீதேவியைக் கட்டினார். எங்கள் வீடு சாம்பல்தீவில். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்ததும் அவள்தான். நான் நகரத்தில் இங்கிலீஷ் படிப்பதற்காகத் தன் கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டவளும் அவள்தான். கடைசியில், நான் பதினேழு வயதில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம், அறிமுகமில்லாத ஆற்றங்கரைக்காரர் ஒருவர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நல்லவர், குடிக்காதவர், எனக்கு ஒரு பேனையும் கொண்டுவந்து தந்தவர். இதெல்லாம் எனக்கு உதவவில்லை. ஆகவே பொறாமைக்காரர் ஒருவர் என்று தொடங்கியதை இரண்டு பேர் என்று திருத்த வேண்டும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி ஊரில் யாரும் அத்தானுக்கு முன்னால் கதைத்ததில்லை. அக்காவுக்கு முன்னால் கதைத்தவர்களுக்கு அத்தான் மறுமொழி சொல்லியிருக்கிறார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் மூன்று நாள் தூங்காமல் சனத்தை மேட்டுக்கு ஏற்றியவர் அவர். வெள்ளம் வடிந்த பிறகு நான் போனபோது, வேலியில்லாத வளவில் நின்றுகொண்டு ஆற்றைக் காட்டி, "கோவம் வந்தால் எப்பிடி எண்டு பாத்தியளோ மச்சான்?" என்றார். அடுத்தவன் பிள்ளைக்கு அடித்துவிட்டு வந்த மகனைப் பார்க்கிற தகப்பனின் முகம் அவருக்கு இருந்தது. அக்கா, சமையலறை இருந்த இடத்தில் நின்று, "குசினி போனதும் அந்தக் கோவத்திலதான். அதையும் தம்பிக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

எழுபத்திரண்டில் எனக்குச் சாம்பியாவில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பங்வேலு என்ற ஏரியின் கரையிலுள்ள சின்னப் பட்டினம். பயணம் சொல்ல வெருகலுக்குப் போனேன். சம்பளம் என்ன, சாப்பாடு என்ன, கறுப்புச் சனம் எப்படி என்று ஊரே கேட்டது. அத்தான் ஒன்றைத்தான் கேட்டார்.

"அங்க ஆறு இருக்கோ?"

"ஏரி ஒண்டு இருக்காம் அத்தான்."

"ஏரியெண்டால்?"

"பெரிய குளம் மாதிரி."

"குளமோ," என்றார். முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் விடக் கட்டுவது. மாடு இறங்கும், எருமை படுக்கும். "சரி மச்சான், சந்தோஷமாப் போட்டு வாங்கோ" என்று என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்கு வந்தார். 'குளமோ' என்ற அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்துக்காகத்தான் பிறகு நான் அவ்வளவு பொய்யும் எழுதினேன்.

முதலில் எழுதியதெல்லாம் உண்மை. கரையில் நின்றால் மறுகரை தெரியாது. மணல் சீனிபோல வெள்ளை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று காலையில் கண்டுபிடிக்க முடியாது. ஏரிக்குள்ளே தீவுகள், தீவுகளில் ஊர்கள், ஊர்களுக்குப் போக ஒரு நாள் வள்ளத்தில் இருக்க வேண்டும். கடிதத்தை அக்காவுக்கென்று விலாசமிட்டாலும், எழுதும்போது என் மனதில் நின்றவர் அத்தான்தான். அக்கா அதைச் சத்தமாக வாசிப்பாள் என்று தெரியும். ஆதம்பாவாவும் கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் தெரியும்.

கடிதம் போக மூன்று கிழமை, மறுமொழி வர மூன்று கிழமை. அந்த ஆறு கிழமையும் நான் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். தவறிவிட்டதோ, யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டிருப்பது அந்த நாட்களில் எனக்கு இரண்டாவது வேலை. மறுமொழியில் அக்காவின் எழுத்தில் ஊர்ச் சேதி எல்லாம் இருக்கும். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றே: "ஆழம் எத்தனை பாகம் என்று அத்தான் கேட்கிறார்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீரை அதால்தான் அளப்பார்கள். என் ஏரியில் இருந்த கரைச்சலே அதுதான். அவ்வளவு பரந்த தண்ணீர், ஆனால் ஆழமில்லை. மீனவர்கள் துடுப்புப் போடாமல் நீண்ட கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டு வருவார்கள். நாலு கடிதங்களில் அந்தக் கேள்வியைக் காணாததுபோல விட்டேன். ஐந்தாவதில், "இந்த ஏரியின் ஆழத்தை இதுவரை யாரும் அளந்து முடித்ததில்லை" என்று எழுதினேன்.

அது வெருகலில் என்ன செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் நான் கனகசிங்கம் மாஸ்டர். ஆதம்பாவா பாதையில் வைத்தே ஆரம்பித்துவிட்டாராம்.

"மச்சான், கனகசிங்கம் மாஸ்டர்ர குளத்த அளக்க ஒலகத்துல கயிறு பத்தல்லியாம். மெய்யாமா?"

"குளம் எப்பவும் குளம்தான்."

"குளம்தான். ஆனா அடி இல்லாத குளம். ஒங்கட ஆத்துல அடியில கிடக்கிற சிப்பிய நான் நிண்டு எண்ணுவன்."

அன்று அத்தான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் கோயிலுக்கு மேலே, மருதமரத்தடி மடுவில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். ஐந்தரைப் பாகம். மாரியில் எட்டு வரும் என்று சாட்சிக்கு ஆதம்பாவாவின் பெயரையும் போட்டு எனக்கு எழுதுவித்தார். நான் அதை வாசித்துச் சிரித்தேன். ஊரைவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு அது பெரிய சிரிப்பு.

எழுபத்தைந்தில், என்னோடு அங்கிருந்த என் மனைவி குணமணி மூன்றாம் தடவையாகக் கர்ப்பமானாள். முன்னே இரண்டும் தங்கவில்லை. நல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் பயணம். நான் இரவும் பகலும் பயந்தேன். ஆறு மாதத்துக்கு அக்காவை அனுப்பச் சொல்லி அத்தானுக்கே கடிதம் எழுதி, பயணச் சீட்டையும் அனுப்பினேன். ஆறு மாதம் என்று எழுதிய அதே நாள், அவள் இரண்டு வருஷம் தங்குவதற்கான பத்திரத்தையும் குடிவரவுக் கந்தோரில் வாங்கி மேசைக்குள் வைத்திருந்தேன். அதை எழுதவில்லை.

அங்கே நடந்ததை அக்கா சொல்லி அறிந்தேன். அத்தான் கடிதத்தைத் தானே இரண்டுதரம் வாசித்தார். பிறகு கதிரையை ஆற்றைப் பார்க்கத் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"அந்தக் குளத்தைப் பாத்தபிறகு இஞ்ச வந்து நிக்க உனக்கு மனம் வருமோ?"

"நான் குளம் பாக்கப் போகேல்ல. பிள்ளைப்பெறு பாக்கப் போறன்."

"பாக்காமல் இருப்பியோ?"

"கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

"இல்லை. நல்லாப் பார். ஆழத்தைப் பார்." அவர் எழும்பிப் போய், தும்புக் கயிறு ஒன்றை எடுத்து வந்து முடிச்சுப் போடத் தொடங்கினார். தன் இரண்டு கையையும் விரித்து அளந்து, பாகத்துக்கு ஒரு முடிச்சு, மொத்தம் பன்னிரண்டு. அதை அக்காவின் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் அவரே வைத்தார். "பன்னிரண்டுக்கு மேல போச்சுதெண்டால், ஒண்டும் எழுதாத. வந்து சொல்லு."

கார்த்திகையில் அக்கா வந்து சேர்ந்தாள். முதல் வேலையாக நான் அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வாயைப் பிளந்து நிற்பாள், "இதுக்கு முன்னால எங்கட ஆறு என்ன" என்று சொல்வாள் என்று நான் மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். அவள் சேலையைச் சொருகிக்கொண்டு முழங்காலளவில் இறங்கி நின்றாள். வடக்கே திரும்பினாள். பிறகு கிழக்கே திரும்பினாள்.

வெருகலில் முழுகுகிறவர்கள் ஓட்டத்தை எதிர்த்து நின்று மூன்றுதரம் முழுகுவார்கள். உடம்பிலிருந்து கழிகிறது பின்னால் போய்விட வேண்டும். இருபது வருஷம் அப்படி முழுகிய அவளுக்கு எந்தப் பக்கம் முகத்தைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

"தம்பி, இது எங்கால ஓடுது?"

"ஓடாது அக்கா. ஏரியெல்லோ."

"ஓடாமல் என்ன செய்யுது?"

"நிக்குது."

"பாவம்," என்றாள்.

எனக்குச் சுட்டுவிட்டது. தெற்கே ஒரு மூலையிலிருந்து பெரிய ஆறொன்று புறப்படுகிறது, அது எத்தனையோ நூறு மைல் போகிறது என்று விளக்கினேன்.

"அப்ப அந்த ஆறுதான் கெட்டிக்காரன். வெளிக்கிட்டுட்டான்," என்று சொல்லிவிட்டு, நின்ற பக்கத்திலேயே முழுகினாள்.

கயிற்றை அவள் முதல் நாளே வெளியே எடுத்துவிட்டாள். நான் இன்றைக்குக் காற்று என்றேன், நாளைக்கு முதலை என்றேன். மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. எங்களுக்கு மீன் கொண்டுவருகிற மூலெங்கா என்பவருடைய மரக்குடைவு வள்ளத்தில் ஏறிப் போயிருந்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு அவருடைய பாஷை தெரியாது. கயிற்றையும் கல்லையும் காட்டியிருக்கிறாள். தண்ணீரோடு சீவிக்கிறவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பின்னேரம் வந்தாள். கையில் கயிறு. அதில் இரண்டு முடிச்சும் இன்னும் கொஞ்சமும்தான் நனைந்திருந்தன.

"ஒரு மணித்தியாலமா அந்த மனிசன் கம்பாலதான் தள்ளினவன். அப்பவே எனக்கு விளங்கிற்றுது."

"உள்ளுக்குப் போனால் ஆழம் அக்கா."

"இன்னும் போ, இன்னும் போ எண்டு கைகாட்டினனான். கரையும் தெரியேல்ல. அங்கயும் ரெண்டேகால்தான்."

அவள் கயிற்றை வேலியில் காயப் போட்டாள்.

"எழுதப் போறியோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஏன்?"

"என்ர தம்பி பொய்யன் எண்டு நானே அந்த மனிசனுக்கு எழுதிறதோ?"

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அவள் என் பக்கம் நின்றாள். இருபது வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக.

மாசியில் பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. அக்கா கைவிட்டு இறக்காமல் வளர்த்தாள். வைகாசியில் ஆறு மாதம் முடிந்தது. நான் மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்து நிரப்பினேன். "பிள்ளைக்கு ஒரு வயது ஆகட்டுமே அக்கா" என்றேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவருக்கு எழுதிக் கேக்கிறன்" என்றாள். அத்தானிடமிருந்து ஒரு வரி வந்தது: "பிள்ளை வளரட்டும்." ஆழத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. நான் வென்றுகொண்டிருந்தேன்.

ஆடிமாத நடுவில் இன்னொரு கடிதம் வந்தது. அக்காவின் பெயருக்கு, அத்தானின் சொந்த எழுத்தில். அதுவரை எல்லாருக்கும் சேர்த்து வருகிற கடிதங்கள்தான் என்பதால் தபால் பெட்டியடியில் நின்றபடியே உடைத்துவிட்டேன்.

"சீதேவிக்கு. நான் சுகம். இந்தமுறை கோடை கடுமை. முகத்துவாரத்தை மணல் மூடி ஒரு மாதம். ஆறு ஓடுதில்லை, நிற்குது. பாதையைக் கரையில் ஏற்றி விட்டிருக்கு. சனம் நடந்து கடக்குது. நேற்று ஒருத்தன் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்தான், தொடைக்கு மேல் நனையவில்லை. கரையில் நின்ற எனக்குக் கையும் காட்டினான். மருதமரத்தடி மடுவில் அளந்தேன். இரண்டு பாகம். ஆதம்பாவாவுக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். தம்பியின் குளம் எப்படியும் இதைவிடப் பெரிசு, ஆழம். உனக்கு அங்கே பிடித்திருந்தால் இரு. நான் கோபிக்கமாட்டேன்."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையே வீண். இரண்டு பாகம், என்னுடையது இரண்டேகால். கால் பாகத்தால் நான் வென்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். தன் ஆற்றைப் பற்றி ஒரு குறைச் சொல் பொறுக்காத மனிதர், யாரும் கேட்காமல், அது நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். இதை அக்கா வாசித்தால் ஒரு நாள்கூட இருக்கமாட்டாள் என்று தெரிந்தது. மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தேன். நாளைக்குக் கொடுப்போம் என்று பதினொரு நாள் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கும் அந்தக் கடிதம் என்னோடு போய்வந்தது.

பன்னிரண்டாம் நாள் குணமணி உடுப்புத் தோய்க்கிற இடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"மச்சாள், உங்கட கடிதம் ஒண்டு இவற்ர களுசானுக்குள்ள கிடக்குது. நல்லவேளை, நனைக்கேல்ல."

அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒருதரம்தான் வாசித்தாள்.

"எப்ப வந்தது தம்பி?"

"பதினொரு நாள்."

"வாசிச்சனியோ?"

"ஓம்."

"வாசிச்சுப்போட்டும் வைச்சிருந்தனியோ?"

"நீ போயிடுவாய் எண்டு பயந்தனான்."

"சின்னனில இருந்து நீ பயந்ததுக்கெல்லாம் நான் பக்கத்தில இருந்தனான்." அவள் குரல் உயரவில்லை. "அந்த மனிசனுக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்? ஆதம்பாவாவுக்குக்கூடச் சொல்லேல்லையாம்."

குணமணி ஈரக் கையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"சீட்டை எடு," என்றாள் அக்கா. "நீயும் வா. ரெண்டேகால் எண்டு உன்ர வாயால அவருக்குச் சொல்லு. நான் சொல்லமாட்டன்."

எனக்கு எடுக்காமல் கிடந்த லீவு இருந்தது. ஆவணி முதல் கிழமை எல்லோரும் புறப்பட்டோம். குணமணியும் பிள்ளையும் திருகோணமலை அன்புவழிபுரத்தில் அவளுடைய தாய்வீட்டில் நின்றுவிட, நானும் அக்காவும் லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வசனம் கட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. சனம் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தது. ஆறு இருந்த இடத்தில் பாதி மணல். நடுவில் பச்சையாக, அசையாமல், தண்ணீர். அக்கா கரையில் நின்று அதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"நில். இறங்காத," என்று மறுகரையிலிருந்து ஒரு சத்தம்.

அத்தான். அவரோடு ஆதம்பாவாவும் இன்னும் இரண்டு பேரும். மணலில் கிடந்த பாதையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆதம்பாவா ஏதோ சொல்லி மறுப்பதும் அத்தான் கேட்காததும் தெரிந்தது. எப்படியோ அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். வெறும் பாதை என்பதால் மிதந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அத்தான் மெலிந்திருந்தார். அக்காவைப் பார்த்தார், உடனே கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"வாங்கோ மச்சான். ஏறுங்கோ."

"எல்லாரும் நடந்துதானே போகினம் அத்தான்."

"எல்லாரும் போகட்டும். என்ர மனிசி நடந்து கடக்கிறதோ?"

ஏறினோம். ஆற்றின் நடுவுக்கு வந்தோம். அடியில் ஏதோ உரசியது. பிறகு பாதை அசையவில்லை. எங்கள் இரண்டு பேரின் பாரத்துக்கும் ஒரு பெட்டிக்கும் அது தரைதட்டிவிட்டது. நாலு பேரும் இழுத்தார்கள். கம்பிக் கயிறுதான் முறுகியது. தலையில் மூட்டையோடு பக்கத்தில் நடந்துபோன ஒரு பெண், பாதைத் தட்டில் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, நான் வேணுமெண்டால் பின்னால நிண்டு தள்ளட்டோ?" என்றாள். அவள் தூக்கிச் சொருகியிருந்த சேலைக்கரையில்கூடத் தண்ணீர் ஏறவில்லை.

"தள்ளுங்க தங்கச்சி," என்றார் ஆதம்பாவா. "மறுகா ஒங்களுக்கும் பாதையில வேல எடுத்துத் தாறம்."

அத்தானின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அவர் கயிற்றை விடவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது நான் கட்டிவைத்திருந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன.

"அத்தான், என்ர ஏரி ரெண்டேகால் பாகம்தான்."

அவர் திரும்பினார்.

"அளந்து முடியேல்ல எண்டு எழுதினது பொய். துடக்கத்திலயே எனக்குத் தெரியும்."

ஆதம்பாவா வாயைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பாதையின் அடுத்த முனைக்குப் போனார். அத்தான் சிரிப்பார், அல்லது ஏசுவார், அல்லது சிரட்டையில் தண்ணீர் அள்ளித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னோடு கதைக்கவே இல்லை. அக்காவைக் கேட்டார்.

"ஆர் அளந்தது?"

"நான்தான். உங்கட கயிறாலதான்."

"எப்ப?"

"போய் மூண்டாம் கிழமை."

"மார்கழி." அவர் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து விரல் மடித்தார். "எட்டு மாசம். எட்டு மாசமா எனக்கு ஒரு சொல் எழுதேல்ல."

"தம்பியைக் காட்டிக் குடுக்கிறதோ?"

"தம்பி," என்றார் அவர். என்னைப் பார்த்தபடி அந்தச் சொல்லைச் சொன்னார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அவருடைய கல்யாணத்தன்று நான் அவரை அப்படித்தான் பார்த்தேன். நாலு வருஷமாக, அவர் ஏரியோடு பொறாமைப்படுவதாக நினைத்து ஏரியை நீட்டி நீட்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவர் உங்கட கடிதத்தைப் பதினொரு நாள் ஒளிச்சு வைச்சவர்," என்றாள் அக்கா. "அதையும் கேட்டுவையுங்கோ. நான் இனி ஒருத்தருக்காகவும் ஒண்டும் மறைக்கமாட்டன்."

"ஒளிச்சு வைச்சவரோ?" அத்தானின் குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது, கொஞ்சம் திருப்தியும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். தன் கடிதத்துக்கு ஒருவன் பயந்திருக்கிறான்.

"அப்ப நீ வந்தது கடிதத்தைக் கண்டோ?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஓம்."

"இரு எண்டுதானே எழுதினனான்."

"எழுதினதை எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றாள் அக்கா.

அவர், கேட்காமல் விட முடியாதவரைப்போல, மெல்லக் கேட்டார்: "எப்ப திரும்பிப் போறாய்?"

"எங்க?"

"குளத்துக்கு."

"நான் என்ன கொக்கோ?" அக்கா சேலையைச் சொருகி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பாதையின் விளிம்பில் இருந்து, காலை நீட்டி, தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. ஆற்றில் நின்றபடி எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் ரெண்டுபேரும் இதில நிண்டு அளந்துகொண்டிருங்கோ. நான் வீட்ட போறன். அடுப்பு என்ன கோலத்தில கிடக்குதோ."

அவள் நடக்கத் தொடங்கினாள். மூட்டைக்காரப் பெண்ணோடு ஏதோ கதைத்துக்கொண்டு, ஊர்ச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள்போலப் போனாள். அத்தான் கம்பிக் கயிற்றை விட்டார். ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தவர், நினைவு வந்ததுபோல என் பக்கம் திரும்பினார்.

"அவவின்ர பெட்டியைத் தூக்குங்கோ மச்சான்."

தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் அக்காவைப் பிடிப்பதற்காக எட்டி நடந்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் அவளுடைய கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்தாள். நான் பத்துப் பாகம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கரைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினை நாள் நிப்பியள்?"

"பதினாறு நாள் அத்தான்."

அவ்வளவு நாள் போதுமா என்று அவர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார்.

"காணும்," என்றார்.